பயப்படுவதற்கு ஒரு வார லீவு

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்த வீட்டின் பின்கட்டுக்கு நான் குடிவந்து சில நாள்தான் ஆகியிருந்தது. காலை பதினொரு மணி வாக்கில் முன்வீட்டிலிருந்து ஒரு பெண் அலறுவது கேட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வீட்டுக்கார ஐயா நாற்காலியில் செய்தித்தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் சோபாவில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தில் பாதியைத் தலையணைக்குப் பின்னால் ஒளித்திருந்தாள்.

ஐயா பேப்பரை இறக்காமலே சொன்னார். "ஒண்ணுமில்லம்மா. அவ லீவுல இருக்கா."

எதிரே ஒரு பழைய பெட்டி டிவி. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு விளையாட்டுக் கருவி. திரையில் இருண்ட தாழ்வாரம், அதில் டார்ச் விளக்கோடு ஒரு பெண், அவள் மேல் விழுந்து கடித்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு உருவம்.

"ஸாரிம்மா, பயந்துட்டியா?" என்றாள் அக்கா. "அந்தத் துணி அலமாரிக்குள்ள ஒருத்தன் நிக்கிறான். நிக்கிறான்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் நிக்கிறான். இருந்தாலும் கத்திட்டேன்."

நான் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். நாற்பதைத் தாண்டியவள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை. மார்ச் மாதக் கணக்கு முடிந்ததும் ஏப்ரலில் ஒரு வாரம் லீவு போடுவாள். டிசம்பர் கடைசியில் இன்னொரு வாரம். அவளோடு வேலை செய்கிறவர்கள் கூர்க் போனார்கள், கோவா போனார்கள். அக்கா வீட்டு மேல்பரணிலிருந்து அந்தச் சாம்பல் பெட்டியை இறக்கி, தூசு தட்டி, டிவியில் மாட்டி, பழைய பேய் விளையாட்டுகளை முதலிலிருந்து ஆட ஆரம்பிப்பாள். மொத்தம் மூன்றோ நான்கோ இருக்கும். திரும்பத் திரும்ப அதே விளையாட்டுகள்தான். கல்லூரிக் காலத்தில் அவள் அண்ணன் வாங்கியது. அண்ணன் இப்போது கனடாவில் இருக்கிறார். போனில் பேசும்போது "இன்னுமாடி அதை ஆடறே?" என்பாராம்.

எனக்கு இந்த விளையாட்டுகளெல்லாம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். கைவிடப்பட்ட ஆஸ்பத்திரி ஒன்று, அல்லது ஆளில்லாத ஊர். உள்ளே நீ மாட்டிக்கொள்கிறாய். துப்பாக்கி இருக்கும், குண்டு இருக்காது. பாதி நேரம் ஓடி ஒளிவதுதான் வேலை. அறையின் மூலையிலிருந்து பார்ப்பது போலத்தான் திரை காட்டும். அதனால் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலடிச் சத்தம் கேட்கும். அந்தப் பெண்ணைத் திருப்புவது லாரியைச் சந்துக்குள் திருப்புவது போல. அக்கா திருப்பி முடிப்பதற்குள் அவன் வந்து சேர்ந்துவிடுவான்.

இடையிடையே ஓர் அறை வரும். அங்கே எதுவும் வராது. மெல்லிசாக ஒரு இசை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அதுவரை ஆடியதைப் பத்திரப்படுத்திக்கொள்கிற இடம் அது. அக்கா அங்கே போய்ச் சேர்ந்ததும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். "டாடி, டீ சாப்பிடறீங்களா?" என்று எழுந்து போவாள்.

ஆடுவது பட்டப்பகலில் மட்டும். திரைச்சீலையெல்லாம் விலக்கி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, வெயில் டிவி மேலேயே விழுந்துகொண்டிருக்கும். பல நேரம் திரையில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஒரு தடவை ஏதோ ஒன்று கூரையிலிருந்து குதிக்கிற சமயம் தெருவில் "சொப்பு... சொப்பு..." என்று கீரைக்காரம்மாவின் குரல் கேட்டது. அக்கா அதை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனாள். கன்னடத்தில் பேரம் பேசி வெந்தயக்கீரை வாங்கிக்கொண்டு வந்தாள். கீரையைச் சமையல்கட்டில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அது இன்னும் அந்தரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

ராத்திரியில் ஆடினால் இன்னும் நன்றாக இருக்குமே என்றேன்.

"ராத்திரி ஆடினா தூக்கம் வராதும்மா."

"இவ்வளவு பயப்படறவங்க எதுக்குக்கா இதை ஆடறீங்க?"

யோசித்தாள். "ஆபீஸ்ல பயமா இருந்தா மூஞ்சில காட்டிக்காம உக்காரணும். இங்க கத்தலாம்."

ஐயா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். "பயப்படறதுக்குன்னு லீவு போடற பொண்ணு இந்த உலகத்துலயே இவ ஒருத்திதான்."

*

அக்கா எங்கே நின்றாலும் அதே பேச்சுதான். கோல்ஸ் பார்க் பக்கம் சாலையைக் கடக்கும்போது "பயமா இருக்கு, கையைக் குடு" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினால், உள்ளே நிற்கிற முன்பின் தெரியாதவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி "எனக்குப் பயமா இருக்குங்க" என்பாள். கூச்சமே கிடையாது. பசிக்கிறது, வேர்க்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்வாள். சொல்லிவிட்டு லிஃப்டிலேயே போவாள், சாலையைக் கடக்கவும் செய்வாள்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நான் திருப்பத்தூர்ப் பெண். பெண்பிள்ளை பயந்தாள் என்று தெரிந்தால் ஊர் ஏறி மிதிக்கும் என்று சொல்லி வளர்த்த வீடு. ஐந்து வருஷம் ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு பெட்டியோடு ரயிலேறி பெங்களூர் வந்து வேலை தேடிக்கொண்டவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம் "ஒத்துவரல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்டால் "எனக்கென்ன பயம்" என்பேன். ஐயாவும் அதே ஜாதி. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். மழையிலும் காட்டிலும் கடைசிப் பெட்டியில் தனியாகப் போன கதைகளைச் சொல்வார். ஒவ்வொரு கதையும் "எனக்கென்ன பயம்" என்று முடியும். ஐயாவும் நானும் ஒரு கட்சி. அக்கா மட்டும் எதிர்க்கட்சி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால் அதையும் விடமாட்டாள். "பாஸ்டர் வாராவாரம் பயப்படாதீங்கன்னு சொல்றாரு. அப்படின்னா வாராவாரம் பயந்துக்கிட்டுதான் ஜனங்க வர்றாங்கன்னு அவருக்கும் தெரியுது."

இந்தப் பழக்கத்தால் அவளுக்கு நஷ்டமும் இருந்தது. அவள் ஆபீசில் சம்பளம் போடுகிற மென்பொருளை மாற்றினார்கள். எல்லாரும் தயார், தயார் என்று தலையாட்டிய கூட்டத்தில் இவள் எழுந்து, "எனக்குப் பயமா இருக்கு சார். தப்பாச்சுன்னா எத்தனை வீட்ல வாடகை நிக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு அவளுக்குக் கீழே இருந்தவருக்குப் போனது.

"நீங்க பயந்த மாதிரியே தப்பாப் போச்சாக்கா?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"எங்க? சரியாத்தான் போச்சு. ஒருத்தருக்கும் ஒரு ரூபா மாறல," என்று சிரித்தாள். "நான் பயந்ததும் நெசம். அது சரியாப் போனதும் நெசம்."

சில சமயம் அந்தப் பயம் அவளை அப்படியே உட்காரவும் வைத்துவிடும். அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம். டிக்கெட்டும் போட்டு அனுப்பியிருந்தார். கிளம்புகிற அன்று காலையில் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து "என்னால விமானத்துல ஏற முடியாது" என்று சொல்லிவிட்டாள். ஐயா திட்டிப் பார்த்தார். அண்ணன் போனில் கத்தினார். அவள் போகவில்லை. அன்று முழுக்க அழுதாள். பயத்தைச் சொல்லிவிட்டால் போய்விடும் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். "போகாதும்மா," என்றாள். "சில நாள் நான் ஜெயிப்பேன். சில நாள் அது ஜெயிக்கும்."

*

அடுத்த ஏப்ரல் லீவில் நடந்தது இது. பகல் சாப்பாடு முடிந்திருந்தது. அக்கா திரையில் அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள். நான் டீ டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே என் கணவர் நின்றிருந்தார். விலாசத்தை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

"யாரும்மா?" என்றாள் அக்கா.

சொன்னேன். "வரட்டும்க்கா. எனக்கென்ன பயம். பேசி அனுப்பிடறேன்."

குரல் சரியாகத்தான் வந்தது. டீ மட்டும் என் மடியெல்லாம் கொட்டியிருந்தது. கொட்டியது எனக்குத் தெரியவில்லை. அக்கா என் மடியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டை நிறுத்தினாள். எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

அவர் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தார்.

"சார், அங்கயே நில்லுங்க," என்றாள் அக்கா. "எனக்கு உங்களைப் பாத்தா பயமா இருக்கு."

சண்டை போடவும் வாதாடவும் தயாராக வந்த மனிதர் அவர். போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருந்தால் அதற்கும் பதில் வைத்திருப்பார். தாழ்ப்பாளை விடாமலே அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் உங்களை என்னங்க பண்ணேன்?"

"என்னை ஒண்ணும் பண்ணல. ஆனா பயமா இருக்கு. என் காலைப் பாருங்க, நடுங்குது." உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. "இவளுக்கும் பயமா இருக்கு. சொல்ல மாட்டேங்குறா. ரெண்டு பொம்பளைங்க பயந்துபோய் நிக்கிற வீட்டுக்குள்ள நீங்க வரணுமா சார்?"

"நான் என் பொண்டாட்டிகிட்ட பேசணும்."

"பேசுங்க. வெளிய நின்னே பேசுங்க."

எங்களுக்குப் பின்னால் ஐயா வாசற்படிக்கு வந்து நின்றது தெரிந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"உனக்குப் பயமா இருக்கா?"

ஐந்து வருஷத்தில் அவர் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அக்காவின் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றேன். "உங்களைக் கண்டா எனக்குப் பயம். எப்பவுமே பயம்தான்."

அவர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருதரம் நிமிர்ந்து அங்கே பார்த்தார். அப்புறம் "போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் வக்கீல் மூலமாகத்தான். அந்தக் கேட்டுக்கு அவர் திரும்ப வரவில்லை. எல்லா மனிதரிடமும் இது பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அன்று அவரிடம் பலித்தது.

ஐயா கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அவர் உள்ள வந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"கத்தியிருப்பேன்," என்றாள். "அதுல எனக்கு நல்லாப் பழக்கமிருக்கு."

*

ஐயாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னது அதற்கு அடுத்த வருஷம். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஐயாவுக்கும் தெரிந்தது.

அக்கா அந்தத் தடவை போட்ட லீவில் பரண்மேலிருந்து எதையும் இறக்கவில்லை. ஐயாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றிப் போட்டோம். நாளெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், ஜெபம் பண்ணினார்கள். ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு "பயப்படாதீங்கய்யா" என்றார்கள். அவரும் சிரித்தபடியே "எனக்கென்ன பயம்" என்று அவர்களை அனுப்பிவைப்பார். அவர்கள் போனபிறகு விளக்கை அணைக்க விடமாட்டார். கண்ணை மூடமாட்டார். அக்கா அறையைவிட்டு எழுந்து போனால் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக் கூப்பிடுவார். தண்ணி வேணும். ஃபேனைக் குறை. ஃபேனைக் கூட்டு.

ஒரு மத்தியானம் வந்தவர்களெல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு சமையல்கட்டிலிருந்து வந்தேன். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"டாடி," என்றாள். "பயமா இருக்கா?"

"எனக்கென்ன..." என்று ஆரம்பித்தார் ஐயா. அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் அறைவாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஐயா கண்ணைக் கூரைக்குத் திருப்பினார்.

"ஆமாம்மா," என்றார். "ரொம்ப."

அக்கா பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. "எனக்கும்தான் டாடி," என்றாள். கால் பிடிப்பதையும் நிறுத்தவில்லை. பிறகு, "எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேட்டாள்.

"மூச்சு வாங்குது பாரு. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல. அப்ப." அவள் பக்கம் திரும்பி, "அப்புறம் நீ. இந்த வீட்ல நீ ஒத்தையில தட்டு வச்சு உக்காந்து சாப்பிடறதை நினைச்சா," என்றார்.

"அது எனக்கும் பயம்தான்," என்றாள் அக்கா.

ஐயா தலையை ஆட்டினார். ஒரு பெரிய வேலையை முடித்தவர் போலக் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு, சாயங்காலம்வரை தூங்கினார். நான் கஞ்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய் மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர் வந்தவர்களிடம் பழையபடியே "எனக்கென்ன பயம்" என்றுதான் சொன்னார். அவர்கள் போனதும் அப்பாவும் மகளும் தங்கள் பயங்களைப் பேசிக்கொள்வார்கள். இன்னிக்கு எப்படி இருக்கு டாடி? காலைல ஜாஸ்தியா இருந்துச்சு, இப்பப் பரவாயில்ல. உனக்கு? எனக்கு இப்பத்தான் ஜாஸ்தி. மழை வருமா வராதா என்று பேசிக்கொள்கிற குரலில் பேசுவார்கள். ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்துக்கூட விட்டார்கள். அவர் போனது ஒரு விடிகாலையில். அக்கா பக்கத்திலேயே இருந்தாள்.

அடக்கம் முடிந்த அன்று வீடு நிறைய ஜனம். "தைரியமா இரு" என்று அவள் தோளைத் தட்டாதவர்கள் இல்லை. அக்கா எல்லாருக்கும் தலையாட்டினாள். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அண்ணன் வர இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார்கள். நான் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, அவளைத் தனியாக விடலாம் என்று நினைத்துப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் என் வாசலில் வந்து நின்றாள். அடக்கத்துக்குக் கட்டிய அதே வெள்ளைப் புடவை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அடுத்த வீட்ல சோறும் சாம்பாரும் குடுத்திருக்காங்க," என்றாள். "தட்டைப் போட்டுட்டு உக்காந்தேன். பயமா இருக்கு. உன் தட்டை எடுத்துக்கிட்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன். சாம்பார் ஆறிப்போயிருந்தது. அக்கா எழுந்து சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கும் நல்ல பசி. மறுசோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.